சைக்கிளுக்கு எஞ்சின் பூட்டி ரெஜிஸ்டர் செய்யிறதும் பிறகு எஞ்சின் மாத்துற பிளானும்

2024 மார்ச் 2, கேள்வி

"லுமாலா சைக்கிள் ஒண்டு கிடக்கு, அதுக்கு 48 சீசீ எஞ்சின் கிட் பூட்டப்போறன். இப்ப அதோட ரெஜிஸ்டர் செய்துபோட்டு ஒரு வருஷத்தில காசு சேர 80 சீசீ போடுற பிளான், சிலவேளை பிறகு பெற்றியும் மோட்டரும் போடுவன். ரெஜிஸ்டர் செய்யேக்க எந்த எஞ்சின் நம்பரைக் குடுக்கிறது? பிறகு மாத்தினா திரும்ப முதல்ல இருந்து ஓடவேணுமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. நான் கொழும்பு, தெமட்டகொட."

2024 மார்ச் 2, இரவு

தம்பி, பிள்ளை பிறக்க முதல் பேர் வைக்கிறீர், அதுவும் ரெண்டு பேர்.

நீர் எஞ்சின் நம்பரைப் பற்றிக் கேக்கிறீர், அதுக்கு முதல் சைக்கிள் ஃபிரேமைக் கவிட்டுப்போட்டு பெடல் அச்சுக்குக் கீழ பாரும். அங்க ஒரு நம்பர் குத்தியிருக்கும், பெயின்ட் மூடியிருந்தா சுரண்டவேணும். அந்த நம்பரை வச்சு இது மோட்டார் வாகனம் எண்டு ஒருத்தரும் ரெஜிஸ்டர் புத்தகம் தரமாட்டினம். புது வாகனம் ரெஜிஸ்டர் செய்யிறதெண்டா சுங்கத்தில இருந்து வந்த பத்திரம் கேப்பாங்கள், அதில சேசி (ஃபிரேம்) நம்பரும் எஞ்சின் நம்பரும் சோடியா இருக்கும். உம்மட சைக்கிள் சைக்கிளா வித்தது, கிட் ஸ்பெயார் பார்ட்ஸா வந்தது. ரெண்டையும் நீர் வீட்டில கலியாணம் கட்டிவச்சா அந்தக் கலியாணத்துக்குப் பதிவு இல்லை.

2024 மார்ச் 3

கனபேர் "பெடல் இருக்குத்தானே, 50க்குக் கீழதானே, ரெஜிஸ்டர் தேவையில்லை" எண்டு எழுதியிருக்கினம். உது இந்தியாக்காரர் போடுற வீடியோ பாத்து வந்த கதை. அங்க 1988ம் ஆண்டுச் சட்டத்தில நாலு சில்லுக்குக் குறைஞ்ச வண்டி 25 சீசீக்கு மேல போகாட்டி அது மோட்டார் வாகனமே இல்லை எண்டு இருக்கு. கவனியுங்கோ 25, 50 இல்லை. கரண்டில ஓடுறதெண்டா 250 வாட், 25 கிலோமீற்றர் வேகம். எங்கட இலங்கைச் சட்டம் வேற, 1951ம் ஆண்டு 14ம் இலக்கம். எஞ்சின் தள்ளினா அது மோட்டார் வாகனம், பெடல் இருக்கிறது உம்மட காலுக்கு வசதி, அவ்வளவுதான்.

லைசென்ஸும் அப்பிடித்தான். 100 சீசீ வரைக்கும் ஏ1, அதுக்கு மேல ஏ. அதால 48ல இருந்து பெரிசுக்குப் போனாலும் உமக்கு லைசென்ஸில ஒரு மாற்றமும் வராது, அந்தக் கவலையை விடும். கவலைப்பட வேற இருக்கு.

2024 மார்ச் 3, பின்னேரம்

மேல நான் "பெரிசு" எண்டு எழுதினதுக்குக் காரணம், அந்த 80 சீசீ 80 இல்லை. பெட்டியில 80 எண்டு போட்டிருக்கும். பிஸ்டன் 47 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கிற தூரம்) 38, கணக்குப் பாத்தா 66 சீசீதான் வரும். 48 சொல்லுறது உண்மை, அதில பிஸ்டன் 40, ஸ்ட்ரோக் அதே 38. ரெண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒண்டெண்டதை ஞாபகம் வச்சிருங்கோ, பிறகு ஒரு கதை இருக்கு.

பெட்டியில இருக்கிறதை நம்பி ஒரு பத்திரத்தில 80 எண்டு எழுதிக் குடுத்தீரெண்டா முதல் நாளே பொய். வேணுமெண்டு சொன்ன பொய் இல்லைத்தான், ஆனா எழுதினது உம்மட கை.

2024 மார்ச் 5

சரி, எஞ்சின் மாத்துறதில நான் பட்டதைச் சொல்லுறன், ஆரும் திரும்பப் படக்கூடாது.

2006ல ஒரு ஹொண்டா சீ50 வாங்கினன், ஓப்பன் பேப்பரில (விக்கிறவர் சைன் வச்சு, வாங்கிறவர் பேர் எழுதாம விட்ட பேப்பர்). பழைய ஸ்ரீ நம்பர், நீலக் கலர், சீற் கிழிஞ்சது, ஆனா ஒரு உதை உதைச்சா ஸ்டார்ட். 50க்கு இது நல்லா இழுக்குதே எண்டு சந்தோசப்பட்டன், ஏன் இழுக்குது எண்டு யோசிக்கேல்லை. ரெண்டு வருஷம் வெள்ளவத்தையில இருந்து புறக்கோட்டைக்கு வேலைக்குப் போய்வந்தன், ஒரு நாளும் புத்தகத்தையும் எஞ்சினையும் பக்கத்தில வச்சுப் பாக்கேல்லை.

2008ல ஒரு இரவு, மழை, ஒரு செக்பொயின்ட். எந்த இடமெண்டு வேண்டாம். அங்க நிண்டவர் முதல் என்ட பேரைப் பாத்தார், பிறகு அடையாள அட்டையைப் பாத்தார், பிறகு என்ட முகத்தைப் பாத்தார். பிறகு குந்தியிருந்து டோர்ச்சை எஞ்சினுக்குக் கீழ பிடிச்சார். எண்ணெயும் சேறும் அப்பிப் போயிருந்துது, என்ட லேஞ்சியைத்தான் வாங்கித் துடைச்சார். துடைச்சுப்போட்டு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சார், சீ, செவன்டி, ஈ. புத்தகத்தில சீ50ஈ எண்டு இருக்கு. அவர் நிமிர்ந்து பாத்த பார்வை இண்டைக்கும் ஞாபகம். அந்த யுத்த நேரம் எங்கட ஆள் ஒருத்தன் நம்பர் பொருந்தாத பைக்கில நிக்கிறதெண்டா என்ன எண்டு வயசுபோன ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மூண்டு மணித்தியாலம் ஓரமா இருத்தி வச்சு, கடை முதலாளி சிங்களத்தில கதைச்சு, அவர்ட பொறுப்பில விட்டாங்கள். பைக்கை விடேல்லை, அது பத்து நாள் அங்கயே நிண்டுது.

எனக்கு முதல் வச்சிருந்தவர் சீ70 எஞ்சினைத் தூக்கிப் பூட்டிப்போட்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ரெண்டு போல்ட், அப்பிடியே இருக்கும், வெளியில பாத்தா வித்தியாசமே தெரியாது. தம்பி, நீர் கேட்ட "பிறகு மாத்தினா" எண்டதுக்கு இதுதான் பதில். எஞ்சினை மாத்தினா மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு அறிவிச்சுப் புத்தகத்தில பதியவேணும். பதியிறதெண்டா புது எஞ்சின் எங்க இருந்து வந்தது எண்டதுக்குப் பேப்பர் வேணும். அந்தப் பேப்பர் இல்லாமத்தான் முக்கால்வாசி எஞ்சின் கைமாறுது.

2024 மார்ச் 5, கொஞ்சம் பிந்தி

பஞ்சிகாவத்தைப் பழைய பார்ட்ஸ் கடையில பில் வாங்கலாந்தானே எண்டு கேட்டவருக்கு: வாங்கலாம். காலமை களவுபோன சைட் கண்ணாடியைப் பின்னேரம் அங்க போய்த் திருப்பி வாங்கலாம் எண்டு கொழும்பில ஒரு பகிடி இருக்கு, கேள்விப்பட்டிருப்பீர். பில்லில எஞ்சின் நம்பரை முழுசா எழுதச் சொல்லும். "பாவிச்ச எஞ்சின் 1" எண்டு எழுதின துண்டால ஒரு பிரயோசனமும் இல்லை.

2024 மார்ச் 6

இல்லை, மண்ணெண்ணெயில ஓடுமா எண்டு கேக்காதேங்கோ. ஓடும். 90களில யாழ்ப்பாணத்தில முழு ஊரும் ஓடினது, காபரேட்டருக்க ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்குத் திருப்புறது. அப்ப புத்தகம் பாக்க ஆள் இல்லை.

2024 மார்ச் 9

கிட் பூட்டின சைக்கிளைப் பற்றி நான் சும்மா பேசேல்லை, ஓடியும் பாத்தனான். 2022ல பெற்றோல் இல்லாமக் கிடந்த நேரம் மருமகன் ஒண்டு பூட்டினவன். ஜூலையில பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்துது ஞாபகமிருக்கே, மோட்டசைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதுக்குப் பதியிறதுக்கு வாகன நம்பரும் சேசி நம்பரும் கேட்டாங்கள். மருமகன்ட சைக்கிளுக்கு ரெண்டும் இல்லை, கானிலயும் அடிக்கமாட்டினம், ஆனபடியா என்ட சீ50க்குக் கிடைச்ச 4 லீற்றரில அவனும் பங்கு. நான் போத்தலில அளந்து குடுப்பன், அவன் டூ ஸ்ட்ரோக் ஒயில் கலப்பான், புதுசில 16க்கு 1, வீடு முழுக்க மணம், அக்கா ஒவ்வொரு நாளும் ஏச்சு.

ஒரு ஞாயிறு நான் ஏறி ஓடிப் பாத்தன். காலி வீதி வெறிச்சோடிக் கிடந்த காலம், பம்பலப்பிட்டி வரைக்கும் ஒரு சோலி இல்லை, சந்தோசமாத்தான் இருந்துது, உண்மையைச் சொல்லவேணும். பிறகு "கிறீச்" எண்டு ஒரு சத்தம், பின் சில்லு அப்பிடியே இறுகிப்போச்சு. செயினை இறுக்கிப் பிடிக்கிற சின்ன உருளை ஒண்டு ஃபிரேம் கம்பியில கிளாம்ப் போட்டுப் பூட்டியிருக்கும், அந்தக் கிளாம்ப் சுத்திக்கொண்டுபோய் ஸ்போக்ஸுக்க பூந்திட்டுது. ஏழு ஸ்போக்ஸ் சரி. பின்னால பஸ் வந்திருந்தா நான் இதை எழுதமாட்டன். சில்லில இருந்த பெரிய பல்லுச்சக்கரமும் ஸ்போக்ஸில றப்பரை வச்சு இறுக்கினதுதானே, அதுவும் கோணலாப் போச்சு.

வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வரேக்க ஒரு பொலிஸ்காரர் மறிச்சார். "இது சைக்கிள் சேர்" எண்டன். அவர் ஒண்டும் சொல்லாம சைலன்சரை விரலால தொட்டுப் பாத்துச் சுட்டுக்கொண்டார். சைக்கிள் சுடுமா எண்டு கேட்டார். நல்ல மனிசன், சிரிச்சுப்போட்டு உருட்டிக்கொண்டே போ, ஏறாதே எண்டு விட்டிட்டார்.

2024 மார்ச் 10

கனடா ஸ்காபரோவில மச்சான் ஒருத்தர் இருக்கிறார், அவருக்கும் இதே விசர். நேற்று வட்ஸ்அப்பில ஒரு மணித்தியாலம். ஒன்டாரியோவில பெடலோட உள்ள மோட்டார் சைக்கிளுக்கு எண்டே ஒரு வகுப்பு இருக்கு. 50 சீசீக்கு மேல போகக்கூடாது, பாரம் 55 கிலோவுக்கு மேல போகக்கூடாது, சமதரையில 50 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல போகக்கூடாது, பெடல் எந்த நேரமும் வேலை செய்யவேணும். இதெல்லாம் மச்சான்ட கிட்டுக்குச் சரி. ஆனா கையாலயோ காலாலயோ பிடிக்கிற கிளச் இருக்கக்கூடாது எண்டும் இருக்கு. இந்தச் சீனாக் கிட் எல்லாத்திலயும் இடக்கைப் பக்கம் கிளச் லீவர் இருக்கே! 48 எண்டாலும் அந்த வகுப்புக்க வராது. மச்சான் நாலு மாசமா சீசீயைப் பற்றியே வாசிச்சுக்கொண்டிருந்தவர், லீவரைப் பற்றி யோசிக்கவேயில்லை.

அங்க பெற்றிக்கு மாத்தினா கதை தலைகீழ். 500 வாட், 32 கிலோமீற்றர் வேகத்துக்குள்ள எண்டா நம்பர் பிளேட்டே தேவையில்லை, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போகலாம். ஆகையால அவருக்கு நான் சொன்னது, பிறகு என்ன போடப்போறியோ அதை முதல் முடிவெடு, இடையில வாற எஞ்சினுக்கு வரிசையில நிக்காதே எண்டு. தம்பி உமக்கும் கிட்டத்தட்ட அதுதான், ஆனா இங்க பெற்றிக்கு மாத்தினா நம்பர் மட்டும் இல்லை, புத்தகத்தில எரிபொருள் எண்ட கட்டமும் பிழைச்சுப்போகும்.

2024 மார்ச் 13

தெஹிவளை அக்கா ஒராள் கேட்டிருக்கிறா: "அண்ணை, பத்து நாள் பைக் அங்க நிண்டது எண்டு எழுதினீங்கள், பிறகு 2022ல சீ50க்குக் கியூஆர் எடுத்தன் எண்டும் எழுதினீங்கள், நடுவில என்ன நடந்தது?" நல்ல கண் அக்கா. சொல்லாம விடுவம் எண்டுதான் நினைச்சன்.

நடந்தது இது. பைக்கை எடுத்த உடன முந்தி வச்சிருந்த ஐயாவைத் தேடிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனன். சண்டை பிடிக்கத்தான் போனன். அந்த மனிசன் என்னை இருத்தி பிளேன்டீ தந்து, பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணித் தாங்கிக்குக் கீழ கிடந்த அரிசிச் சாக்கை இழுத்தார். உள்ள பழைய எஞ்சின், சீ50ஈ. நம்பரைத் தடவித் தடவிப் பாத்தன், புத்தகத்தில உள்ளதேதான். சண்டையை மறந்து அந்த இரும்பைக் கட்டிப்பிடிச்சன் எண்டு சொன்னாலும் பிழையில்லை. அதோட சாக்கைச் சேத்துத் தூக்கி ஓட்டோவில வச்சு தெமட்டகொடயில ஒரு மெக்கானிக் பாஸிட்ட கொண்டுபோனன், தம்பி உம்மட ஊர்தான்.

பாஸ் திறந்து பாத்தார், சிலின்டர் துருப்பிடிச்சுக் கோடு கோடா. 39 மில்லிமீற்றர் பிஸ்டன் தேடவேணும், 47 கையில இருக்கு எண்டார். சீ50க்கும் சீ70க்கும் ஸ்ட்ரோக் ஒண்டு, 41.4. மாறுறது பிஸ்டனும் சிலின்டரும் ஹெட்டும்தான். கீழ் கேஸ் (எஞ்சின்ட வெளிக்கோது) அப்பிடியே இருக்கும், நம்பர் குத்தியிருக்கிறது கேஸில. பாஸ் எண்ணெய்க் கையைத் துடைச்சுக்கொண்டு "நம்பர் மாறாது தானே ஐயா" எண்டார்.

மாறேல்லை. 49 சீசீ எண்டு புத்தகத்தில இருக்கு, எஞ்சின் நம்பர் எழுத்துக்கு எழுத்து சரி, உள்ளுக்க கிட்டத்தட்ட 72 சீசீ ஓடிக்கொண்டிருக்கு. 2008ல இருந்து இண்டைவரைக்கும். முதல் குறிப்புகளில பெரிய மனிசன் மாதிரிக் கலியாணப் பதிவு, பொய் எண்டெல்லாம் எழுதினது நான்தான்.

2024 மார்ச் 13, நடுச்சாமம்

நித்திரை வரேல்லை. அந்த நேரம் எனக்கு வேண்டியிருந்தது நம்பர் பொருந்துறது மட்டும்தான். திரும்ப ஒருத்தன் என்ட லேஞ்சியால எஞ்சினைத் துடைக்கேக்க நான் நடுங்கக்கூடாது. சீசீ எண்டது என்ட மண்டையில ஏறவேயில்லை. இப்ப செக்பொயின்ட் இல்லை, பதினைஞ்சு பதினாறு வருஷமாச்சு, அந்தச் சாட்டு இப்பவும் செல்லுமோ தெரியேல்லை.

2024 மார்ச் 14

தெஹிவளை அக்கா இன்சூரன்ஸில வேலை செய்தவவாம். அவ எழுதினது: சாதாரணமா ஒருத்தரும் திறந்து பாக்கமாட்டினம், ஆனா ஆருக்கும் பெரிய காயம் எண்டு வழக்குக்குப் போனா வாகனம் புத்தகத்தில உள்ளபடி இருக்கா எண்டு பாக்கிற ஆள் வருவார், அவர் ஹெட்டைக் கழட்டினா பிஸ்டனுக்குக் கலிப்பர் பிடிக்க ஒரு நிமிஷம் எண்டு. புகைச் சேட்டிபிக்கேற், இன்சூரன்ஸ், வருஷ வருமான லைசென்ஸ் எல்லாம் ஒழுங்கா எடுத்து வச்சிருக்கிறன், எல்லாம் 49 சீசீ எண்ட ஒரு சொல்லுக்கு மேல நிக்குது.

"நம்பர் சரியெண்டா எல்லாம் சரி" எண்டு தம்பிக்கு ஆரோ எழுதினதுக்கு நானும் தலையாட்டியிருந்தன். அதைத் திருப்பி எடுக்கிறன். 48 கேஸில 47 மில்லிமீற்றர் சிலின்டரை ஏத்தலாமா எண்டு கேக்கவும் வேண்டாம்.

2024 மார்ச் 17

பாஸ் இருக்கிறார் இன்னும், கண் கொஞ்சம் மங்கல். போய்ச் சொன்னன். சிரிச்சார். 39 சிலின்டர் இப்ப ரீபோர் செய்து (உள்ளுக்கக் கடைஞ்சு) எடுக்கலாமாம், பழையதைக் கொண்டு வா எண்டார். பழையதை நான் எறிஞ்சிட்டன் எண்டன், மேல தட்டில இருந்து பேப்பரில சுத்தின ஒண்டை இறக்கினார். என்டதேதான், கோடு கோடா. பதினாறு வருஷம் எறியாம வச்சிருந்திருக்கிறார். லேத்துக்குக் குடுத்தாச்சு. இழுவை போகும், பாலத்தில ஏறேக்க பின்னால ஓட்டோக்காரர் ஹோன் அடிப்பினம். அடிக்கட்டும்.

2024 மார்ச் 21

தம்பிட பிளான் மாறிட்டுதாம். கிட்டை விட்டிட்டு, பெடல் வச்ச பழைய மொபெட் ஒண்டு, புத்தகத்தோட, கொலன்னாவயில பாத்திருக்கிறார். 2020 மார்ச்சில இறக்குமதி நிப்பாட்டினாப் பிறகு பழசெல்லாம் தங்க விலைக்குப் போச்சு, ஆனா சொன்ன விலை பரவாயில்லை. இதெண்டா முதல் கேள்விக்கும் விடை இருக்கு: வாங்க முதலே எஞ்சின் புத்தகத்தோட பொருந்தவேணும், பிறகு மாத்துறதெண்டா பில்லோட ஒரு எஞ்சினைக் கண்டுபிடிச்சு முதல் பதிஞ்சுபோட்டுப் பிறகு ஓடவேணும், கழட்டின பழைய எஞ்சினைச் சாக்கில போட்டுத் தண்ணித் தாங்கிக்குக் கீழ வைக்கவேணும். எறியாதேயும்.

ஓப்பன் பேப்பர் எண்டா வேண்டாம் எண்டு சொல்லும். விக்கிற ஆள் நேரா வந்து சைன் வைக்கட்டும்.

2024 மார்ச் 22

படம் பாத்தன். எஞ்சின் நம்பருக்கு மேல சோக்கட்டி தேய்ச்சு எடுத்திருக்கிறீர், கெட்டிக்காரன், அது நான் சொல்லித்தராத வேலை. புத்தகத்துப் படத்தையும் பக்கத்தில வச்சுப் பெரிசாக்கிப் பாத்தன். முன் எழுத்து சரி, கடைசி மூண்டும் சரி. நடுவில ஒண்டு புத்தகத்தில 8, எஞ்சினில 3 மாதிரித் தெரியுது. குத்து மழுங்கினதா, இல்லாட்டி உண்மையாவே 3தானா எண்டு படத்தில சொல்ல ஏலாது.

காசு குடுக்காதேயும் இன்னும். நாளைக்குப் பழைய பல்லுத்தீட்டுற பிரஷ் ஒண்டும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய் வடிவாத் தேய்ச்சு, டோர்ச்சை நேர பிடிக்காமப் பக்கவாட்டில பிடிச்சு இன்னொரு படம் எடும். நானும் வாறன் எண்டா வரலாம், ஒம்பது மணிக்குப் பிறகு. பைக் லேத்தில, பஸ்ஸில வரவேணும்.